45 நாள் சரக்கு: ஒரு மாடலிங் டெஸ்ட்டின் நிகழ்வு ஆய்வு

எங்கள் அலுவலகம் பாலக்காடு டவுனில் இருக்கிறது. இரண்டு பார்ட்னர்கள், ஆறு ஊழியர்கள். வேலையில் பாதி ஆடிட். மீதி, வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சிஎம்ஏ டேட்டா (கடன் வரம்பு போட வங்கி கேட்கும் கணக்கு விவரம்), எப்போதாவது ஒரு கம்பெனி மதிப்பீடு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள், சித்தூர் தாலுகாவின் அரிசி ஆலைகள், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை தென்னையை நம்பி ஓடும் சின்னத் தொழில்கள் என்று வாடிக்கையாளர்கள். நான் வேலந்தாவளம் பக்கத்துத் தமிழன். பார்ட்னர் ஒற்றப்பாலத்து மலையாளி. அவர் பேசும் தமிழும் நான் பேசும் மலையாளமும் ஏறக்குறைய ஒரே லட்சணம்.

போன வருடம் ஒரு அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுத்தோம். அந்த ஒரு நாள் நேர்காணலையும் அதற்குப் பின் நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு மட்டும் அன்று இருந்தபடியே.

ஒரு தொழிலின் வரும் வருடக் கணக்குகளை எக்செல்லில் கட்டிப் பார்ப்பதுதான் ஃபைனான்ஷியல் மாடலிங். வந்த விண்ணப்பங்களில் 'ஃபைனான்ஷியல் மாடலிங் தெரியும்' என்று எழுதாதது ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் அப்படித்தான் எழுதுகிறார், பத்து வருடம் வங்கிக்கு ரிப்போர்ட் போட்டவரும் அப்படித்தான் எழுதுகிறார். அதனால் உட்காரவைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பெரிய முதலீட்டு வங்கிகளில் டிசிஎஃப் மதிப்பீட்டை, அதாவது வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கம்பெனிக்கு விலை போடுவதை, வாயால் நடத்திக் காட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஒரு கம்பெனியைக் கடன் வாங்கியே வாங்கினால் என்ன கிடைக்கும் என்று தாளில் போடச் சொல்வார்கள். திட்டக் கடன் கொடுக்கும் இடங்களில் தவணை கட்டும் திறனை மாதவாரியாக ஓட்டச் சொல்வார்கள். கம்பெனிகளின் பட்ஜெட் பிரிவுகளில் போட்ட பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கச் சொல்வார்கள். சிலர் வேண்டுமென்றே பிழை வைத்த ஷீட்டைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டெஸ்ட்டும் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. திரும்பி வருவது யாருடைய வேலை என்று தெரிவதில்லை.

நாங்கள் வைத்தது நேரில் உட்காரும் டெஸ்ட். 90 நிமிடம், ஒரு லேப்டாப், எக்செல், இரண்டு பக்கத் தாள்.

தாளில் இருந்தது

சித்தூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலை. பார்ட்னர்ஷிப் நிறுவனம். போன வருட விற்பனை 40 கோடி, விற்ற சரக்கின் அடக்கம் 34 கோடி. மார்ச் 31 அன்று பேலன்ஸ் ஷீட்டில் சரக்கிருப்பு 8 கோடி. இந்த வருடம் விற்பனை 10 சதவீதம் கூடும், அடக்கம் விற்பனையில் அதே 85 சதவீதம். 3 கோடிக்குப் புதிய சார்ட்டெக்ஸ் மெஷின் (நிறம் பார்த்து அரிசியைத் தரம் பிரிப்பது) வாங்கப்போகிறார்கள். அதற்கு வங்கிக் கடன் 2 கோடியே 25 லட்சம், வட்டி 10.5 சதவீதம், முதல் ஆண்டு முதலே வருடத்துக்கு 45 லட்சமாக ஐந்து தவணை. மெஷின் டிசம்பரில் ஓடத் தொடங்கும். தேய்மானம் 15 சதவீதம். வரவேண்டிய பாக்கி இத்தனை நாள், கொடுக்கவேண்டியது இத்தனை நாள், சரக்கு 45 நாள், அதாவது வருட அடக்கத்தில் 45 நாளுக்கு உரிய சரக்கு வருடக் கடைசியில் கையில் நிற்கும். ஐந்து வருடத்துக்கு லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கட்ட வேண்டும். கடைசியில் ஒரு வரி: இந்தக் கடனைக் கொடுக்கலாமா?

நாங்கள் தெரிந்தே வைத்த பொறி டிசம்பர். ஒரு மெஷின் வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால், வருமான வரிச் சட்டப்படி பாதித் தேய்மானம்தான். டிசம்பர் முதல் தேதியிலேயே ஓடினாலும் மார்ச் 31 வரை 121 நாள்தான் வரும். ஆகவே முதல் ஆண்டில் 45 லட்சம் கிடையாது, 22 லட்சத்து 50 ஆயிரம்.

மதிப்பெண் தாளையும் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தோம். அமைப்புக்கு 25, ஃபார்முலாவுக்கு 25, டேலி ஆவதற்கு 20, நேரத்துக்குள் முடிப்பதற்கு 15, விளக்கிச் சொல்வதற்கு 15. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

மூன்று பேர்

முதல் ஆள் கோயம்புத்தூரில் எம்பிஏ முடித்தவர். மௌஸைத் தொடவே இல்லை. கொடுத்த எண்கள் நீலத்தில், ஃபார்முலா கறுப்பில், வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சையில் என்று தொழில் வழக்கம் பிசகாமல் போட்டார். அனுமானங்கள் எல்லாம் தனி ஷீட்டில். ஒரு செல்லை மாற்றினால் நல்ல காலம், நடுத்தரம், கெட்ட காலம் மூன்றும் மாறுகிற மாதிரி ஒரு ஸ்விட்ச். பேலன்ஸ் ஷீட்டின் அடியில் ஒரு சரிபார்ப்பு வரிசை, ஐந்து வருடத்துக்கும் பூஜ்யம். டிசம்பர் பொறியில் சிக்கவில்லை. 70 நிமிடத்தில் எழுந்து நின்றார். 'கடன் தாராளமாகக் கொடுக்கலாம், முதல் ஆண்டு முடிவிலேயே கையில் ரொக்கம் 3 கோடிக்கு மேல் நிற்கிறது' என்று எழுதியிருந்தார். 100-க்கு 86 போட்டோம்.

இரண்டாவது ஆள் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடமாக அக்கவுண்டன்ட். எக்செல்லில் வேகம் கிடையாது, ஆனால் கணக்கில் பழகிய கை. அவருக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. சொத்துப் பக்கம் 45 லட்சம் குறைந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லோருக்கும் நடப்பது. வித்தியாசம் வந்தால் முதலில் அதை இரண்டால் வகுத்துப் பார்ப்பது பழைய கணக்கர்களின் வழக்கம். கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக நிற்கும். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 45 லட்சத்தில் பாதி 22 லட்சத்து 50 ஆயிரம். அதாவது புது மெஷினின் தேய்மானம். தேய்மானத்தில் ரொக்கம் வெளியே போவதில்லை, அதனால் கேஷ் ஃப்ளோவில் அதை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். அதற்கென்று ஒரு வரிசை புதிதாகச் சேர்த்தவர், கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டார். ஆனால் எங்கள் தாளில் 45 லட்சம் என்று இன்னொரு எண்ணும் இருந்ததே, கடன் தவணை! அவர் கண் அங்கே போய்விட்டது. கேஷ் ஃப்ளோவில் தவணை வரிசையைத் தூக்கினார், டேலி ஆகிவிட்டது. இரண்டு தவறு சேர்ந்து ஒரு பூஜ்யம். இரண்டாம் ஆண்டில் தேய்மானம் 41 லட்சத்து 62 ஆயிரத்து 500 ஆனதும் அந்தப் பூஜ்யம் உடைந்து, 38 லட்சத்து 25 ஆயிரம் வித்தியாசம் மறுபடி எட்டிப்பார்த்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. 52.

மூன்றாவது ஆள் கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெண். தமிழ் மீடியத்தில் பள்ளி, அப்புறம் பிகாம், வேலை பார்த்துக்கொண்டே சிஎம்ஏ இன்டர் (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் நடுத் தேர்வு) எழுதிக்கொண்டிருக்கிறார். 40 நிமிடம் வரை மெதுவாக, ஒழுங்காகப் போனார். நிறம் எதுவும் போடவில்லை. அப்புறம் கை நின்றுவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் சரக்கு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். ஓரமாக ஏதோ கணக்குப் போட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பதற்றத்தில் மூளை நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன். நேரம் முடிந்தபோது கடன் அட்டவணை பாதியில் நின்றது, கேஷ் ஃப்ளோ இரண்டு வருடத்துக்குத்தான் இருந்தது, கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லை. 49 போட்டோம். அதுவும் பார்ட்னர் கொஞ்சம் இரக்கப்பட்டதால்.

வாய்வழிக் கேள்விகள்

எல்லோருக்கும் ஒரே மூன்று கேள்விகள். முதலாவது, உலகம் முழுக்க இந்த வேலைக்குக் கேட்கப்படுவது: தேய்மானம் 10 லட்சம் கூடினால் மூன்று கணக்கும் எப்படி மாறும்? வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பாடப்புத்தகப் பதில் இது. லாபம் 7 லட்சம் குறையும், ரொக்கம் 3 லட்சம் கூடும், நிலையான சொத்து 10 லட்சம் குறையும், மூலதனம் 7 லட்சம் குறையும், இரண்டு பக்கமும் சமம். எம்பிஏக்காரர் மூச்சுவிடாமல் சொன்னார்.

ஆனால் நம் நாட்டில் இந்தப் பதில் பாதிதான். பார்ட்னர்ஷிப் ஆலைகளில் பெரும்பாலும் வருமான வரி விகிதத்திலேயே புத்தகத்திலும் தேய்மானம் எழுதுவார்கள், அங்கே சரி. அதுவே கம்பெனி என்றால், புத்தகத் தேய்மானம் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, வரிக்கான தேய்மானம் வேறு. புத்தகத்தில் 10 லட்சம் கூட்டினால் கட்டும் வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது. லாபம் அதே 7 லட்சம் குறையும், டெஃபர்டு டாக்ஸ் (பின்னால் கட்டவேண்டியதாகப் புத்தகத்தில் நிற்கும் வரி) 3 லட்சம் குறையும், ரொக்கம் அப்படியே இருக்கும். 'கம்பெனியாக இருந்தால்?' என்று கேட்டதும் அக்கவுண்டன்ட் சிரித்துவிட்டார். "ரிட்டர்ன் போடும்போது அதைத் திருப்பிச் சேர்க்கத்தானே சார் போறோம்!" என்றார். எம்பிஏக்காரருக்கு ஒரு குறிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் குழம்பினார். லாபத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு ரொக்கத்தில் தடுமாறினார்.

இரண்டாவது சின்னப் பொறி. இன்று 100 லட்சம் போட்டால் அடுத்த மூன்று வருடமும் 50 லட்சம் வரும், 12 சதவீதத்தில் நிகர இன்றைய மதிப்பு என்ன? 20 லட்சத்துச் சொச்சம். எக்செல்லின் என்பிவி ஃபார்முலா, கொடுக்கிற முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் நாலு எண்ணையும் உள்ளே போட்டால் 17.94 தான் வரும். இன்றைய 100-ஐ வெளியே வைத்துக் கழிக்க வேண்டும். எம்பிஏக்காரர் தப்பித்தார். மற்ற இரண்டு பேரும் விழுந்தார்கள்.

மூன்றாவது கேள்வி: என்ன நடந்தால் இந்த ஆலை தவணை கட்ட முடியாமல் போகும்? எம்பிஏக்காரர் ஸ்விட்சைத் தட்டி, விற்பனை 5 சதவீதம் குறைந்தால் இப்படி, 10 சதவீதம் குறைந்தால் இப்படி என்று காட்டினார். ஏன் குறையும் என்று கேட்டதற்கு, 'மார்க்கெட் கண்டிஷன்' என்றார். அக்கவுண்டன்ட், வட்டி ஏறினால் என்றார்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்கி, முடிக்காமல் விட்டார். பார்ட்னர்தான் தன் தமிழில், "மோளே, தமிழ்லயே சொல்லு, எனக்குப் புரியும்" என்றார். அப்புறம் வேறு ஆள் பேசுவது போலிருந்தது.

"மணக்கடவுல தண்ணி வரலைன்னா இரண்டாம் போகம் போச்சுங்க சார். எங்க பக்கம் நெல்லே இருக்காது. வெளியூர் நெல்லை லாரி வாடகை குடுத்து வாங்கோணும்."

பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் பாசனத்துக்கு மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அந்த எண்ணை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடக்கத்தை 85 சதவீதத்திலிருந்து எது நகர்த்தும் என்று அன்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். நேர்காணலை ஆங்கிலத்தில் வைத்து நாங்கள் எதை அளந்துகொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்தக் கால் மணி நேரம் என்ன பண்ணினாய் என்று கேட்டேன்.

"சரக்குங்க சார். மார்ச்ல 8 கோடி இருக்குது. தாள்ல 45 நாள்னு போட்டிருக்கீங்க. அப்படிப் போட்டா அடுத்த மார்ச்ல 4 கோடியே 61 லட்சம்தான் வருது. 3 கோடியே 39 லட்சம் ரொக்கமா வந்து விழுகுது. அவ்வளவு பணம் சும்மா வருதுன்னா, மெஷினுக்கு 2 கோடியே 25 லட்சம் எதுக்குங்க சார் கடன் வாங்கறாங்க?"

நானும் பார்ட்னரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது நாங்கள் வைத்த பொறி இல்லை. அது எங்களுக்கே தெரியாது.

அவர் நிறுத்தவில்லை. "பழைய கணக்கைப் பார்த்தா 86 நாள் வருதுங்க. இரண்டாம் போகம் மாசி, பங்குனிலதான் அறுக்கறாங்க. மார்ச் கடைசில எந்த மில்லுக்குப் போனாலும் குடோன் நிறைய நெல் நிக்கும். வருசம் பூராச் சராசரி பார்த்தா 45 நாள் இருக்கலாம். மார்ச் 31-க்கு இருக்காது. அப்புறம் ஒரு சந்தேகம்ங்க, இந்த 8 கோடி மில்லோட சொந்தச் சரக்கா, சப்ளைகோ நெல்லும் சேர்ந்ததா?"

கேரளத்தில் அரசு நிறுவனமான சப்ளைகோ கொள்முதல் செய்யும் நெல்லை ஆலைகள் அரைத்துக் கொடுக்கின்றன, நெல் ஆலையின் சொத்து ஆகாது. அந்தச் சரக்கை பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றினால் முழுக்கணக்கும் தப்பு. அவர் வீட்டில் நெல் போட்டு, நெல் கொடுத்ததற்கான பிஆர்எஸ் ரசீதை வங்கியில் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருந்த அனுபவம் உண்டாம். அந்தக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

விவாதம்

அன்று மாலை பார்ட்னரும் நானும் சண்டை போடாத குறைதான். அவர் வாதம் எளிது: டெஸ்ட் என்றால் டெஸ்ட். 86 எங்கே, 49 எங்கே? பாதி ஷீட்டை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போக முடியுமா? எம்பிஏக்காரர் செய்ததில் பிழை என்ன? நாம் 45 என்று கொடுத்தோம், அவர் 45 என்று போட்டார். இதையே நாங்கள் அவரிடம் போனில் கேட்டபோது, "அசம்ப்ஷன் நீங்க குடுத்ததுதானே சார்" என்றார். அதுவும் நியாயம்தான். கொடுத்த அனுமானத்தை மாற்றுவது சில இடங்களில் அதிகப்பிரசங்கித்தனம்.

என் வாதம் வேறு. எம்பிஏக்காரர் ஷீட்டில் முதல் ஆண்டு கேஷ் ஃப்ளோவின் மிகப் பெரிய எண்ணே அந்த 3 கோடியே 39 லட்சம். அதைப் பார்க்காமல் 'தாராளமாகக் கொடுக்கலாம்' என்று எழுத முடியாது, எழுதியிருக்கிறார் என்றால் பார்க்கவில்லை. 86 நாளே தொடர்ந்தால் சரக்கு 8 கோடியே 81 லட்சம் ஆகும். பணம் வருவதற்குப் பதில் 81 லட்சம் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவில் 4 கோடியே 20 லட்சம். கடன் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரிபார்ப்பு வரிசையில் ஐந்து பூஜ்யம் இருந்தும் இது தெரியவில்லை, ஏனென்றால் டேலி ஆவதற்கும் உண்மையாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆடிட்டர்களான எங்களுக்கே இதை மதிப்பெண் தாளில் எழுதத் தோன்றவில்லை. 100-இல் ஒரு மார்க்குகூட 'எண்ணை நம்பலாமா' என்பதற்கு இல்லை.

எக்செல் வேகத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆறு மாதம் போதும் என்றேன். பார்ட்னர், "நெல் அறுவடை எப்போன்னும் சொல்லிக்கொடுத்துடலாமே, அதுக்கு ஆறு நிமிஷம் போதும்" என்றார். நல்ல அடி. இன்றுவரை என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: அறுவடைத் தேதி தெரியாதவர்கூட, 3 கோடி ஏன் விழுகிறது என்று நின்றிருக்கலாம்.

கடைசியில் ஒரு சமரசம். அந்தப் பெண்ணையும் எம்பிஏக்காரரையும் மறுநாள் கூப்பிட்டு, நேரக் கெடு இல்லாமல், அவரவர் ஷீட்டைச் சரிசெய்து முடிக்கச் சொல்வது. எம்பிஏக்காரர் வரவில்லை. கொச்சியில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவருக்கு அது பொருத்தமான இடம்தான். அந்தப் பெண் வந்தார், மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். ரொக்கம் குறையும்போது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடனின் வட்டியைச் சராசரி இருப்பின்மேல் போட்டு, ரொக்கம் வட்டியைச் சார்ந்து, வட்டி ரொக்கத்தைச் சார்ந்து, எக்செல் வட்டமடிக்கிறது என்று எச்சரிக்கை காட்டியபோது திகைத்துப்போனார். தொடக்க இருப்பின்மேல் போட்டுவிடு, ஒரு குறிப்பு எழுதிவை என்றேன். முடித்தார். டிசம்பர் பொறியில் முந்தின நாளே விழுந்திருந்தார், அதை அன்றும் கவனிக்கவில்லை. வேலை கொடுத்தோம்.

அந்த 45

சேர்ந்து இரண்டாவது வாரம் அவர் கேட்டார்: "அந்த 45 நாள் எங்கிருந்துங்க சார் வந்துச்சு?"

டெஸ்ட் தாளை நான்தான் தயாரித்தேன். எங்கள் பழைய ஃபைல் ஒன்றிலிருந்து, பெயரையும் எண்களையும் மாற்றி எடுத்தது. நாள் கணக்கை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். ஃபைலை எடுத்துப் பார்த்தோம். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆலைக்கு நாங்களே போட்டு வங்கியில் கொடுத்த சிஎம்ஏ டேட்டா. சரக்கு 45 நாள், ஐந்து வருடத்துக்கும். ஓரத்தில் என் கையெழுத்தில் 'ஓனர் சொன்னது' என்று பென்சிலில் இருந்தது. ஓனர் வருடச் சராசரியைச் சொல்லியிருப்பார்.

வங்கி அதை நம்பித்தான் கேஷ் கிரெடிட் வரம்பு போட்டது. டெஸ்ட் தாளின் எண்களிலேயே சொல்வதென்றால், 45 நாள் சரக்கில் ஆலை தன் கையிலிருந்து போட வேண்டிய 25 சதவீத மார்ஜின் போக வரம்பு 3 கோடியே 46 லட்சம் வரும். 86 நாள் என்றால் 6 கோடியே 61 லட்சம். அந்த ஆலைக்காரர் ஒவ்வொரு மார்ச்சிலும் பதறிக்கொண்டு வந்து அட்ஹாக் லிமிட்டுக்கு, அதாவது தற்காலிகக் கூடுதல் வரம்புக்கு, லெட்டர் போடச் சொல்வார். 'இவருக்குப் பணத்தைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை' என்று நானும் பார்ட்னரும் டீ குடிக்கும்போது பேசியிருக்கிறோம்.

இப்போது அந்த ஃபைலை மாதவாரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார் அந்தப் பெண். டெஸ்ட் தாளில் 45 அப்படியே இருக்கிறது. மதிப்பெண் தாளில் வேகத்துக்கான 15-ஐ எடுத்துவிட்டோம். பார்ட்னருக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.